ஒரே தெரு, ஒரே ஷூ, இரண்டு பிரசவம்

ஆம்பூரில் எங்கள் காலனியில் ஒரு பையன் இருக்கிறான். வயது ஒன்றே முக்கால். இடது கையில் எது கிடைத்தாலும் பிடித்து இழுப்பான். வலது கை தோளிலிருந்து அப்படியே தொங்கும், உள்ளங்கை பின்பக்கம் திரும்பியிருக்கும். பிறந்த நாளிலிருந்தே இப்படித்தான். "நரம்பு இழுத்துக்கினு கீது, தானா சரியாப் பூடும்னு சொன்னாங்க தம்பி" என்கிறார் அவன் அம்மா. வீட்டு வாசலில் உட்கார்ந்து ஷூவின் மேல்தோலைக் கையால் தைப்பவர் அவர். ஜோடிக் கணக்கில் கூலி. பிரசவம் ஓர் அரசு மருத்துவமனையில் நடந்தது.

பக்கத்து வீட்டு அக்காவும் அதே ஷூவைத்தான் தைக்கிறார், ஆனால் கம்பெனிக்குள் மெஷினில். அவருக்கு ஈஎஸ்ஐ பிடிக்கிறார்கள். அந்தப் பையனுக்கு நேர்ந்தது இந்த அக்காவின் குழந்தைக்கு ஈஎஸ்ஐ மருத்துவமனையில் நேர்ந்திருந்தால் சட்டம் வேறு மாதிரி பேசியிருக்கும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

முதலில் கைக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்போம். குழந்தையின் தலை வெளியே வந்தபின் சில வேளை தோள் தாயின் இடுப்பெலும்பில் மாட்டிக்கொள்ளும். நிமிடங்கள் ஓடும். தாயின் தொடைகளை வயிற்றை நோக்கி நன்றாக மடக்கி, அடிவயிற்றில் எலும்புக்கு மேலே அழுத்தித் தோளை விடுவிக்க வேண்டும். பதற்றத்தில் தலையைப் பிடித்து இழுத்தால் கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கற்றை நீளும், சில குழந்தைகளுக்குக் கிழிந்தே போகும். எர்ப்ஸ் பால்சி என்பது இதன் பெயர். குழந்தை பெரிதாக இருந்தாலோ தாய்க்குச் சர்க்கரை இருந்தாலோ தோள் மாட்டும் வாய்ப்பு கூடும். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று 2007-லேயே ஆணையிட்ட மாநிலம் நம்முடையது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் இந்தக் காயம் ஏற்படுவதுண்டு. பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில மாதங்களில் கை திரும்பிவிடுகிறது. ஆகவே தொங்கும் கை ஒவ்வொன்றும் குற்றத்தின் சாட்சி அல்ல. இரவு முழுக்க நின்று பிரசவம் பார்க்கும் செவிலியரை வில்லியாக்க எனக்கு விருப்பமும் இல்லை. கேள்விகள் வேறு. சர்க்கரை பார்த்தார்களா? பார்த்து, கூடுதலாக இருந்தால், இந்த ஆபத்து உண்டு என்று அவளிடம் சொன்னார்களா? தோள் மாட்டியபோது மூத்த மருத்துவரைக் கூப்பிட்டார்களா? இத்தனைக்கும் பதில் கேஸ் ஷீட்டில் இருக்கும், அல்லது அங்கே இல்லாமல் போயிருக்கும். இரண்டுமே சாட்சியம்தான்.

"தானா சரியாப் பூடும்" என்பதில் உண்மை உண்டு. ஆனால் அந்தச் சொல் எவ்வளவு காலத்துக்குச் செல்லும் என்று யாரும் சொல்லி அனுப்புவதில்லை. மூன்று மாதத்தில் முழங்கையை மடக்கத் தொடங்காத குழந்தையை நரம்பு அறுவை தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். கிழிந்த நரம்பை இணைக்கும் அறுவையை முதல் ஆண்டுக்குள் செய்தால்தான் நல்ல பலன். பிறகு தசை சூம்பிவிடும், தசைநாண் மாற்று போன்ற வழிகள்தான் மிஞ்சும். தொழுநோயால் மடங்கிய விரல்களுக்குத் தசைநாணை மாற்றிக் கட்டி மருத்துவர் பால் பிராண்ட் 1940-களின் இறுதியில் வழிகாட்டியது இதே வேலூரில்தான். கைக்கு வைத்தியம் பார்ப்பதில் பேர் பெற்ற ஊர். அங்கிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் ஒரு குழந்தைக்கு அந்த முதல் ஆண்டு காத்திருப்பிலேயே கழிந்தது. ஒவ்வொரு பயணமும் அந்த அம்மாவுக்கு ஒரு நாள் கூலி.

இனி சட்டம். மருத்துவமும் ஒரு சேவையே, குறைபாடு இருந்தால் நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் இந்திய மருத்துவச் சங்க வழக்கில் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதற்குள் ஒரு கோடு இருக்கிறது. எல்லோருக்கும் இலவசமாகவே சேவை தரும் மருத்துவமனையின் நோயாளி நுகர்வோர் ஆகமாட்டார். கட்டண வார்டும் உள்ள மருத்துவமனை என்றால் அங்கே இலவசமாகச் சேர்ந்தவரும் நுகர்வோரே. கைக்குழந்தையோடு தாலுகா மருத்துவமனையிலிருந்து திரும்பும் எந்தப் பெண்ணுக்கு இது தெரியும்? ஈஎஸ்ஐ சந்தா கட்டும் தொழிலாளியும் அவர் குடும்பமும் நுகர்வோர்தான் என்று 2007-ல் அதே நீதிமன்றம் சொன்னது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு மன்றத்தின் கதவு அப்படித்தான் திறக்கிறது. வாசலில் தைப்பவருக்கு முதலாளி யாரென்றே தாளில் இல்லை, ஏஜென்ட் மட்டும்தான். சந்தா இல்லை, ரசீது இல்லை. அதனால் அவர் நுகர்வோரும் இல்லை. இப்படி வீட்டிலிருந்து தைப்பவர்களில் பெரும்பாலோர் தலித், முஸ்லிம் பெண்கள். சட்டத்தில் சாதி என்ற சொல் எங்குமே வரவில்லை, வர வேண்டிய தேவையும் இல்லை.

பிள்ளைப்பேற்றின் சுமையைப் பெண்ணின் தலையில் மட்டும் கட்டக் கூடாது, முதலாளியும் அரசும் ஏற்க வேண்டும் என்று 1928-ல் பம்பாய் சட்டமன்றத்தில் பேசியவர் அண்ணல் அம்பேத்கர். அவர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது போடப்பட்ட அடித்தளத்தில்தான் 1948-ல் ஈஎஸ்ஐ சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்கு வெளியே தொழிலாளரை நிறுத்தும் வேலையைத்தான் ஏற்றுமதி கம்பெனிகள் ஏஜென்ட் மூலம் செய்துவருகின்றன.

வழக்கு நடந்தாலும் இழப்பை அளக்கும் கோல் ஒன்று இருக்கிறது. பாலாற்றங்கரையில் அதைப் பார்த்தவர்கள் நாம். டேனரிக் கழிவு வழக்கில் 1996-ல் வந்த புகழ்பெற்ற தீர்ப்புக்குப் பின் இழப்பீடு கணக்கிடப்பட்டது நிலம் கெட்ட விவசாயிகளுக்கு. கெட்டுப்போக நிலமே இல்லாதவர் அந்தக் கணக்கில் எங்கே வருவார்? உடல் காயத்திலும் இதே கதை. வருமானம் எவ்வளவோ அவ்வளவு இழப்பு. அமெரிக்காவில் வாழ்ந்த உளவியலாளர் ஒருவர் கொல்கத்தாவில் தரப்பட்ட தவறான சிகிச்சையால் 1998-ல் இறந்த வழக்கில் 2013-ல் ஏறத்தாழ 6 கோடி ரூபாய் கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான். ஆனால் விபத்தில் முடங்கிய ஒரு சிறுமியின் வருமானத்தை ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்று கணக்கிட்டதும் இந்நாட்டு நீதிமன்றம்தான். அது போதாது, திறன்பெற்ற தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியையாவது எடுக்க வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் திருத்தியது. உழைக்கும் கையைத் தவிர வேறு சொத்தில்லாத வீட்டில் ஒரு கையின் விலை என்ன என்ற கேள்விக்கு இது இன்னும் பாதிப் பதில்தான்.

எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996-ல் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தைக்கு விழித்திரையைப் பரிசோதிக்காமல் விட்டதால் பார்வை போனது. தேசிய ஆணையம் கொடுத்தது 5 லட்சம். 2015-ல் உச்ச நீதிமன்றம் அதைச் சுமார் 1.8 கோடியாக உயர்த்தியது. 19 ஆண்டுகள் விடாமல் போராடிய குடும்பம் அது. அத்தனை ஆண்டுகள் கூலியை விட்டுவிட்டு நீதிமன்றத்துக்கு அலைய எங்கள் தெருவில் யாரால் முடியும்?

தோள் மாட்டிய வழக்கு ஒன்று ஸ்காட்லாந்திலும் உண்டு. நடீன் மான்ட்கோமரி சர்க்கரை நோயாளி. உயரம் குறைந்தவர். குழந்தை பெரிதாக இருக்கிறதே, இயல்பாகப் பிறக்குமா என்ற கவலையை மருத்துவரிடம் சொன்னவர். சர்க்கரை உள்ள தாய்மாருக்குத் தோள் மாட்டும் வாய்ப்பு நூற்றுக்கு 9, 10 என்பதை மருத்துவர் சொல்லவில்லை. 1999-ல் பிறந்த மகனுக்குக் கை நரம்புக் காயத்தோடு மூளை பாதிப்பும் நேர்ந்தது. சொல்லாமல் விட்டதே தவறு என்று 2015-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்த்து 52.5 லட்சம் பவுண்டு கொடுக்க வைத்தது. இத்தனைக்கும் அவர் அறிவியல் படித்தவர், அம்மாவும் சகோதரியும் மருத்துவர்களாக உள்ள வீடு. அவருக்கே சொல்லவில்லை என்றால் பிரசவ வார்டில் "கத்தாதடீ" என்று அதட்டப்படும் நம் பெண்ணிடம் யார் உட்கார்ந்து விளக்கப் போகிறார்கள்?

வேறு கதவுகளும் உண்டு, தோழர்களே. இலவச மருத்துவமனை என்றாலும் சிவில் நீதிமன்றத்தில் அரசு பதில் சொல்லியாக வேண்டும். ஹரியானாவில் கருத்தடை அறுவை தோல்வியுற்ற கூலித் தொழிலாளிப் பெண்ணுக்கு அரசே இழப்பீடு தர வேண்டும் என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நுகர்வோர் மன்றத்தில் கெடு இரண்டு ஆண்டு. சிவில் வழக்கில் குழந்தையின் சொந்த உரிமைக்கு 18 வயது நிறையும் வரை கெடு ஓடாது. ஆனால் கேஸ் ஷீட் அதுவரை காத்திருக்காது, பல இடங்களில் மூன்று ஆண்டோடு சரி. அதனால் இன்றே எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் நடத்தை விதி. அரசு மருத்துவமனை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் ஒரு மனு போடுங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்கிறது 1987-ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டத்தின் 12-வது பிரிவு. சலுகை கேட்பதாக நினைத்துக் கூச வேண்டாம். நம் இயக்கத்து வழக்கறிஞர்கள் வன்கொடுமை வழக்குக்கு ஓடும் வேகத்தில் பாதியாவது இதற்கு ஓடலாம்.

போன வாரம் அந்த அம்மாவோடு உட்கார்ந்து கேஸ் ஷீட் கேட்டு மனு எழுதினேன். முடித்ததும் ஒரு கேள்வி கேட்டார்: "இதனால அடுத்த பிரசவத்துக்கு அங்க சேத்துக்க மாட்டாங்களா தம்பி?" சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும், மறுக்க அவர்களுக்கு உரிமை இல்லை என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பையன் அதற்குள் பேனாவை இடது கையால் பிடுங்கிக்கொண்டான்.