'இங்க தேடியாச்சு' என்றால் என்ன அர்த்தம்? மீட்புப் பணியில் ஜிபிஎஸ் ட்ராக் ஏன் முக்கியம்?

2024 ஜூலை 30 அதிகாலை. கேரளத்தின் வயநாட்டில் புஞ்சிரிமட்டம், முண்டக்கை, சூரல்மலை பகுதிகளை நிலச்சரிவு அடித்துக்கொண்டு போனது. 250-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பல உடல்கள் சாலியாற்றில் அடித்துச் செல்லப்பட்டு, பக்கத்து மாவட்டமான மலப்புரத்தின் நிலம்பூர் பகுதியில் கிடைத்தன. கடைசிவரை கிடைக்காத 32 பேரை இறந்தவர்களாக அறிவிக்க 2025 ஜனவரியில் கேரள அரசு முடிவு செய்தது.

இப்படி ஒரு தேடுதல் நடக்கும்போது, 'எங்கே கிடைத்தார்கள்?' என்றுதான் நாம் செய்தியில் பார்ப்போம். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்களுக்கு அதைவிடக் கஷ்டமான கேள்வி ஒன்று உண்டு: இன்னும் எங்கே தேடவில்லை? நாளைக் காலை யாரை எங்கே அனுப்புவது, தேடுதலை எப்போது நிறுத்துவது என எல்லாமே அந்தப் பதிலைப் பொறுத்ததுதான்.

வாயால் சொன்னால் போதாதா?

போதாது. வயநாட்டில் தேடுதல் பகுதியை ஆறு மண்டலங்களாகப் பிரித்தார்கள். ராணுவம், தேசிய பேரிடர் மீட்புப் படை, தீயணைப்புத் துறை, வனத்துறை, தன்னார்வலர்கள் என்று பல தரப்பினர் இறங்கினார்கள். ஆகஸ்ட் 9-ம் தேதி உள்ளூர் மக்களும் உறவினர்களும் சேர்ந்து தேடினார்கள். 'அந்த வீட்டுக்குப் பின்னாடி வரைக்கும் பார்த்துட்டோம்' என்று ஒரு குழு சொன்னால், அந்த வீடே இப்போது இல்லை. நிலச்சரிவில் அடையாளங்களும் சேர்ந்தே அழிந்துவிடுகின்றன. மிஞ்சுவது அட்சரேகையும் தீர்க்கரேகையும்தான்.

ட்ராக் என்பது என்ன?

ஓடிவிட்டு வந்ததும் உங்கள் ஃபிட்னஸ் ஆப்பில் ஒரு கோடு வருமே, அதேதான். சில விநாடிகளுக்கு ஒருமுறை நீங்கள் இருக்கும் இடமும் நேரமும் பதிவாகும். பெரும்பாலும் ஜிபிஎக்ஸ் ஃபைலாக வெளியே எடுக்கலாம். எல்லாக் குழுக்களின் கோடுகளையும் ஒரே மேப்பில் போட்டால், கோடு இல்லாத இடம் பளிச்சென்று தெரியும்.

எங்கே சொதப்பும்?

பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்களில்தான்.

*நேரம்:* ஜிபிஎக்ஸ் ஃபைலில் நேரம் யுடிசி-யில் இருக்கும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். காலை 5 மணிக்குக் கிளம்பிய குழு, ஃபைலில் முந்தைய நாள் இரவு 11:30-க்குக் கிளம்பியதாக இருக்கும். கவனிக்காவிட்டால் இன்றைய தேடுதல் நேற்றைய கணக்கில் போய்விடும். இரவு மழையில் மண் மறுபடி சரிந்திருந்தால், அது சாதாரணக் குழப்பம் இல்லை.

*எழுதும் முறை:* 11 டிகிரி 30 நிமிடம் என்பது தசமத்தில் 11.50. அதை யாராவது 11.30 என்று டைப் செய்தால், புள்ளி சுமார் 22 கிலோமீட்டர் தெற்கே போய் விழும்.

*வாகனப் பயணம்:* ஜீப்பில் ஏறும்போதே பதிவை ஆன் செய்தால், ஜீப் போன ரோடும் 'தேடிய இடம்' ஆகிவிடும். அந்தப் பகுதியை வெட்ட வேண்டும். ஆனால் வெட்டுவது நகலில்தான். ஒரிஜினல் ஃபைலைத் தொடவே கூடாது.

*பெயர்:* 'ட்ராக் 1' என்று இருபது ஃபைல் வந்தால் எது யாருடையது? தேதி, மண்டலம், குழு, கருவி எண் நான்கும் ஃபைல் பெயரிலேயே இருக்க வேண்டும்.

கோடு இருந்தால் தேடியதாக அர்த்தமா?

இல்லை. இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். 2013-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், அப்பலாச்சியன் நெடும்பாதையில் நடந்த ஒரு பெண் வழிதவறினார். அவருடைய கூடாரமும் உடலும் 2015 அக்டோபரில்தான் கிடைத்தன. மோப்ப நாய்களுடன் தேடிய குழுக்கள் அந்த இடத்துக்கு ஏறக்குறைய நூறு மீட்டர் அருகே வந்து போயிருந்தது பிறகு தெரியவந்தது.

அதனால் தேடுதல் வல்லுநர்கள் மேப்பில் கோட்டைப் போடுவதோடு நிறுத்துவதில்லை. அந்த நிலத்தில் ஒருவர் எவ்வளவு அகலத்தைக் கண்ணால் அலச முடியும் என்றும் பார்க்கிறார்கள். 20 மீட்டர் என்று வையுங்கள். பத்து பேர் ஆளுக்கு 3 கிலோமீட்டர் நடந்தால் 60 ஹெக்டேர். மண்டலத்தின் பரப்பும் அதே 60 ஹெக்டேர் என்றால், 'முழுசா முடிஞ்சது' என்று தோன்றும். ஆனால் இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கக் கடற்படை ஆய்வில் பிறந்த கணக்குப்படி, அங்கே இருப்பவரைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு சுமார் 63 சதவீதம்தான். இன்னொரு முறை அதே அளவு தேடினால் சுமார் 86. நூறு வரவே வராது. புதரோ சேறோ அதிகம் என்றால் அலசும் அகலம் குறையும், சதவீதமும் இறங்கும். மரங்கள் அடர்ந்த சரிவில் ஜிபிஎஸ் புள்ளியே பல மீட்டர் தள்ளி விழும்.

ஒரு குடும்பத்திடம் 'தேடிவிட்டோம்' என்று சொல்வதற்கு முன்னால் இந்த எண்ணைப் பார்த்தாக வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

ட்ரெக்கிங் போகிறீர்களா? போகப்போகும் பாதையின் ஜிபிஎக்ஸ் ஃபைலை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். நீங்கள் திரும்பவில்லை என்றால், தேடுதல் அந்தக் கோட்டிலிருந்து தொடங்கும்.

தன்னார்வலராகப் போகிறீர்களா? ஆஃப்லைன் மேப்பை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். போனில் பேட்டரி சேவரை அணைத்துவிடுங்கள். அது பதிவை நடுவில் நிறுத்திவிடலாம். பவர் பேங்க் கட்டாயம். மண்டலத்துக்குள் கால் வைத்ததும் பதிவை ஆன் செய்து, வெளியே வந்ததும் நிறுத்துங்கள். மேப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பாதீர்கள். படத்திலிருந்து புள்ளிகளை எடுக்க முடியாது. ஃபைலாகவே அனுப்புங்கள்.

நடுவில் 40 நிமிடம் போன் அணைந்துபோயிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். அந்த இடைவெளிக்கு நாளைக் காலை இன்னொரு குழு போகும்.