நீலக் குறி

பேட்டையிலிருந்து பாளையங்கோட்டை போகும் பஸ்ஸில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கைப் பெருவிரலால் 'சரி சார்' என்று அடிப்பவன் பொழுதுபோக்குகிறான் என்றே நம் எழுத்தாளர்கள் நினைக்கிறார்கள். அவன் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறான். சுலோசனா முதலியார் பாலம் வருவதற்குள் மேலதிகாரி கூப்பிடுவார். இரைச்சலில் 'கேக்குதா, கேக்குதா' என்று இருவரும் கத்துவதற்கு அலுவல் ஆலோசனை என்று பெயர்.

1908-இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணைநிற்க, வேலைநிறுத்தம் செய்து பெற்றவற்றில் வார விடுமுறையும் ஒன்று. அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் வாட்ஸ்அப் குழு இப்போது பிடுங்கிக்கொள்கிறது. ஆலைச் சங்காவது ஓய்ந்தால் ஊருக்கே ஓய்ந்தது.

2014 நவம்பரில் நீலக் குறி வந்தபோது விமர்சகர்கள் விழித்திருக்க வேண்டும். வாசிப்பு என்கிற அந்தரங்கமான காரியம் அன்று வருகைப்பதிவேடாயிற்று. படித்துவிட்டு மௌனமாயிருக்கும் சுதந்திரம் நம் கவிதையின் வாசகனுக்கு உண்டு, குமாஸ்தாவுக்கு இல்லை. குறியை அணைத்துவைக்கலாமே என்பார்கள். தனி உரையாடலில் அணையும்; குழுவில் அணையாது. குழுவில்தானே சார் இருக்கிறார்!

பிரான்ஸில் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை 2017-இல் அமலுக்கு வந்தது. இங்கே 2018-இல் சுப்ரியா சுலே மக்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. தொழிற்சங்கங்களை நொந்துகொள்வதற்கு முன் நம் வட்டத்தையும் பார்க்கலாம். போன ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு, 'புரூஃப் என்ன ஆச்சு?' என்று எனக்குச் செய்தி அனுப்பியவர், உழைப்பின் அந்நியமாதல் பற்றி நம் பக்கங்களிலேயே எழுதி வருபவர். 'சரி சார்' என்று பதில் போட்டேன்.