பழைய லாரியும் இன்றைய ஓட்டுநரும்

"அண்ணாச்சி, நீங்களா லாரி ஓட்டினீர்கள்?" என்று இளைய வியாபாரிகள் எங்களிடம் வியப்போடு கேட்பதுண்டு. ஆம், ஓட்டினோம். 1976ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் எங்கள் தகப்பனார் கடையில் உட்கார வைக்கவில்லை. "சரக்கு எப்படி ஊர் போய்ச் சேருகிறது என்று முதலில் பார்த்துவிட்டு வா" என்று சொந்த லாரியிலேயே கிளீனராக ஏற்றிவிட்டார். ஐந்து வருடம் கழித்துத்தான் ஹெவி லைசென்ஸ் எடுத்து ஸ்டியரிங்கைத் தொட்டோம்.

விருதுநகரில் எங்களுக்கு அப்போது இரண்டு லாரிகள். ஒன்று பழைய பெட்போர்டு, இங்கிலாந்துக் கம்பெனியின் வண்டி. பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு, சென்னை சிம்ப்சன் கம்பெனியின் பெர்க்கின்ஸ் டீசல் என்ஜினை மாட்டியிருந்தார்கள். மற்றொன்று லேலண்டு காமெட். 1948ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் லேலண்டு கம்பெனியோடு சேர்ந்து 1955ல் அசோக் லேலண்டு ஆனது. வரைபடம் அவர்களுடையது, உழைப்பு எண்ணூருடையது.

அந்த வண்டிகளை ஓட்டுவது ஒரு வித்தை. பவர் ஸ்டியரிங் கிடையாது. நின்ற இடத்தில் திருப்பினால் தோள்பட்டை கழன்றுவிடும். கியர் மாற்ற இரண்டு தடவை கிளட்ச் மிதிக்க வேண்டும். என்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டு, சரியான நேரத்தில் கம்பியைத் தள்ள வேண்டும். தப்பினால் கியர் பெட்டி போடும் கூச்சல் ரோட்டில் போகிறவர்களைத் திரும்பிப் பார்க்க வைக்கும். பழகிவிட்டாலோ, வண்டி வளர்த்த மாடு மாதிரி சொன்னபடி கேட்கும். பழுது வந்தால் ஒரு ஸ்பேனரும் சணல் கயிறும் கொண்டு ஊர் வந்து சேர்ந்துவிடலாம்.

பருப்பும் வத்தலும் ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறுவோம். எண்பது மூட்டை பாரத்தில் காமெட் முதல் கியரில் முனகிக்கொண்டே ஏறும். கிளீனரான நாங்கள் மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடப்போம். வண்டி நின்று பின்வாங்கினால் சக்கரத்துக்கு அடியில் கட்டையைப் போட வேண்டும். ஒரு மழை இரவில், நனைந்து நடுங்கி வந்த எங்களைக் குமுளியில் ஒரு மிளகு வியாபாரி கிட்டங்கித் திண்ணையில் படுக்க வைத்து, சூடாகக் கஞ்சியும் பயறும் கொடுத்தார். சரக்கைப் பற்றி மறுநாள்தான் பேசினார்.

அன்றைய லாரிதான் லாரி என்று சொல்ல நாங்கள் வரவில்லை. என்ஜின் சூட்டில் பாதம் வெந்ததும், முதுகு போனதும் மறக்கவில்லை. இங்கிலாந்தில் பெட்போர்டு லாரிக்கு 1986ல் மூடுவிழா நடந்தது. லேலண்டு ஊர்த் தொழிற்சாலையிலிருந்து இப்போது வேறு பெயரில் லாரி வருகிறது. அந்தப் பெயரை நம் எண்ணூர்தான் காப்பாற்றி வருகிறது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் சரக்கு லாரிகளில் ஓட்டுநர் அறைக்கு ஏ.சி. கட்டாயம் என்று அரசே விதி செய்துவிட்டது. மகிழ்ச்சிதான்.

ஆனால் வண்டி மாறிய அளவுக்கு நாம் மாறினோமா? சென்ற தீபாவளி நெருக்கத்தில் வடக்கேயிருந்து துவரை ஏற்றிய லாரி ஒன்று சனிக்கிழமை மாலை எங்கள் கடைக்கு வந்தது. கிட்டங்கியில் இடமில்லை. மூட்டை இறக்கும் ஆட்களும் போய்விட்டார்கள். "திங்கட்கிழமை பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம். ஞாயிறு காலையில் வந்து பார்த்தால், மொழி தெரியாத அந்த ஓட்டுநர் காலித் தண்ணீர் கேனைத் தூக்கிக் காட்டி நின்றார். குமுளிக் கஞ்சி நினைவுக்கு வந்தது. வெட்கமாகப் போய்விட்டது. நாமே லாரி ஓட்டியவர்கள், நாமே மறந்துவிட்டோம்.

2017ல் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் போய்விட்டன. அங்கே காத்துக்கிடந்த நேரம் மிச்சமாயிற்று. அந்த நேரத்தை நம் கடை வாசலில் வீணடிக்கலாமா? லாரி நிற்கும் ஒவ்வொரு நாளும் வாடகையில் ஏறி, கடைசியில் நம் சரக்கின் விலையில்தான் வந்து விழுகிறது.

எனவே வணிகப் பெருமக்களுக்கு எங்கள் வேண்டுகோள் மூன்று. சரக்கு வருமுன்பே இறக்க இடமும் ஆளும் ஏற்பாடு செய்யுங்கள். கிட்டங்கியில் ஓட்டுநருக்குக் குடிநீரும் கழிப்பறையும் படுக்க ஒரு திண்ணையும் ஒதுக்குங்கள். நம்மால் தாமதமானால், அவர் கேட்குமுன்பே காத்திருப்புப் படியைக் கொடுத்துவிடுங்கள். தனிக்கடைக்கு முடியாததைச் சங்கம் மார்க்கெட்டில் பொதுவாகச் செய்யலாம்.

எங்கள் கிட்டங்கியில் திண்ணை கட்டியாகிவிட்டது. பழைய காமெட்டின் மரக்கட்டை ஒன்று வீட்டில் இருந்தது. அதையும் அங்கேயே கொண்டுவந்து வைத்திருக்கிறோம்.