ஊரார் போட்ட கம்பி

வீடுதோறும் இண்டர்நெட் கம்பி கொண்டு சேர்ப்பது கம்பெனிகளின் காரியமா, ஸ்தல ஸ்தாபனங்களின் காரியமா என்ற விவகாரம் எழும்போதெல்லாம், அமெரிக்காவின் யூட்டா ராஜ்யத்தைச் சாட்சிக்கு இழுப்பது கம்பெனிக் கட்சியாரின் வழக்கம். அந்தச் சாட்சியை முழுவதும் விசாரித்தால் அது அவர்களுக்கு அனுகூலமாக இல்லை என்பது நமது அபிப்பிராயம்.

2002-ல் அங்கே பல நகரசபைகள் கூடி 'யுடோபியா' என்ற கூட்டு ஸ்தாபனத்தை அமைத்தன. கனவு ராஜ்யம் என்று பொருள்படும் பெயர்; பரிகாசம் செய்வோருக்கு நல்ல வசதி. நகரசபைகள் ஜனங்களுக்கு நேரே சேவை விற்பதற்கு முட்டுக்கட்டை போட்டு, ராஜ்ய சட்டசபை 2001-லேயே ஒரு சட்டம் செய்திருந்தது. ஆகவே கம்பி ஊராருடையது, அதன் வழியே சேவை விற்பது தனிக் கம்பெனிகள் என்று ஏற்பாடாயிற்று. ஜில்லா போர்டு போட்ட சாலையில் தனியார் பஸ் ஓட்டியதை நினைத்துக் கொண்டால் விஷயம் விளங்கும்.

11 நகரங்கள் தங்கள் விற்பனை வரி வருமானத்தை ஜாமீனாக வைத்துக் கடன் வாங்கின. கணக்குத் தவறியது. எதிர்பார்த்த அளவு சந்தாதாரர் சேரவில்லை. பல இடங்களில் வேலை பாதியில் நின்றது. 2008-ல் கடனைப் புதுப்பித்தபோது தொகை 18.5 கோடி டாலர், கெடு 2040. சட்டசபையின் தணிக்கை அதிகாரி 2012-ல் கடுமையாகக் கண்டித்தார். கண்டனம் நியாயமானதே.

2014-ல் ஆஸ்திரேலியாவின் மக்வாரி கம்பெனி உதவிக்கு வந்தது. மீதிக் கம்பியைத் தான் போடுவதாகவும், பிரதியாக, சேவை வேண்டுவோரும் வேண்டாதோரும் வீட்டுக்கு மாதம் ஏறக்குறைய 20 டாலர் வீதம் 30 வருஷம் கொடுக்க வேண்டுமென்றும் கேட்டது. 5 நகரங்கள் மறுத்தன, யோசனை நிறைவேறவில்லை. இதற்குள் 2010-ல் அமைத்திருந்த இன்னொரு கூட்டு ஸ்தாபனத்தின் மூலம் வேலை நடந்தது. சந்தா கிடைக்கும் பகுதியைப் பார்த்துக் கம்பி போடுவது, அந்தச் சந்தாவிலிருந்தே புதுக் கடனை அடைப்பது என்ற சிக்கன முறை. இன்று வேறு நகரங்களும் அந்தக் கம்பியைத் தேடி வருகின்றன.

பக்கத்திலுள்ள ப்ரோவோ நகரம் இக்கூட்டில் சேராமல், சுமார் 3.9 கோடி டாலர் கடனில் தனியே கம்பி போட்டது. 2013-ல் அதைக் கூகிள் கம்பெனிக்கு விற்றது. விலை ஒரே ஒரு டாலர்! கடன் மட்டும் நகரத்தின் தலையில் நின்றது. அதற்காக ஒவ்வொரு வீட்டாரும் நகரசபைப் பில்லில் மாதம் 5.35 டாலர் கட்ட வேண்டியிருந்தது. கூகிள் வேகமான சேவை கொடுத்ததே என்பார்கள். கொடுத்தது உண்மை. ஆனால் பணம் கட்டினவன் கையில் கம்பி இல்லை.

கூட்டுச் சேர்ந்த 11 நகரங்களும் பழைய கடனிலிருந்து இன்னும் விடுபடவில்லை. எனினும் சொத்து அவர்களுடையது. நேரே சேவை விற்கவிடாமல் கையைக் கட்டிப்போட்டு, வருமானம் எங்கே என்று கேட்ட சட்டசபைக்கும் அந்த நஷ்டத்தில் பங்கு உண்டு. 2001-ம் வருஷத்துத் தடைகளை நீக்கிவிட்டு அது தணிக்கைக் கணக்குப் பார்க்கட்டும்.