கையெழுத்துப் போட்டாச்சா?

மார்ச் 4 வந்தால் போதும், நம் தொழிற்சாலைகளுக்குத் தொழிலாளியின் உயிர்மேல் திடீர்ப் பாசம் பொங்கும். தேசியப் பாதுகாப்பு கவுன்சில் 1966-ல் தொடங்கிய நாள். வாசலில் கொடி, சட்டையில் பேட்ஜ், வரிசையில் நின்று உறுதிமொழி, அப்புறம் ஸ்வீட், காரம், காபி. மறுநாள் பேட்ஜ் டிராயருக்குள் போய்விடும்.

சென்னைக்கு வெளியே ஒரு தொழிற்பேட்டையில் இப்படியொரு விழாவுக்குப் போயிருந்தேன். 'பாதுகாப்புப் பயிற்சி' என்று போர்டு. அதிகாரி ஆங்கிலத்தில் ஸ்லைடு ஸ்லைடாகத் தள்ளிக்கொண்டிருந்தார். எதிரே பாதிப் பேர் ஒடிசா, பீகார் பையன்கள். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக வந்தவர்கள். கண்ணைத் திறந்து வைத்திருந்ததே பெரிய விஷயம். பேச்சு முடிவதற்குள் வருகைப் பதிவேடு ஒரு சுற்று வந்துவிட்டது. பக்கத்துப் பையனிடம் "என்ன புரிஞ்சுது?" என்றேன். "சைன் போட்டாச்சு சார்" என்றான்.

அவனைக் குறை சொல்லாதீர்கள். நாளைக்கு அவன் விரல் போனால், 'சொல்லிக் கொடுத்தோமே, இதோ கையெழுத்து' என்று நீட்டுவதற்கான காகிதம் அது. பயிற்சி நடந்தது நிர்வாகத்தின் பாதுகாப்புக்கு.

நான் பி.காம். படித்தவன். மிஷின் வாங்கினால் கணக்கில் சொத்து, மனுஷனுக்குக் கற்றுக் கொடுத்தால் செலவு. லாபம் குறைந்தால் கத்தரி எதில் விழும்? போபாலில் அதுதான் நடந்தது. யூனியன் கார்பைடு ஆலையில் ஆட்களைக் குறைத்தார்கள். மாதக்கணக்கில் நடந்த பயிற்சியைச் சுருக்கினார்கள். இந்தி மட்டுமே தெரிந்தவர்களுக்கும் ஆங்கிலக் கையேடு. 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் விஷவாயு கிளம்பியபோது, 'ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொள்' என்ற ஒற்றை வரியைக்கூடச் சுற்றியிருந்த குடிசைகளுக்கு யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை.

அதன் பிறகு 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். எந்த ரசாயனத்தால் என்ன கேடு என்று தொழிலாளிக்குச் சொல்லியாக வேண்டும், பாதுகாப்புக் குழுவில் நிர்வாகத்துக்குச் சமமாக அவனும் உட்கார வேண்டும், ஆபத்து நெருங்கினால் எச்சரிக்க அவனுக்கு உரிமை உண்டு என்றெல்லாம் எழுதினார்கள். 2020-ல் புதிய சட்டத் தொகுப்பையும் நிறைவேற்றினார்கள். எழுத்துக்கு நம்மிடம் என்றைக்குப் பஞ்சம்?

2012 செப்டம்பர் 5. சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் 38 பேர் பலி. முதலில் பிடித்த தீயை அணைக்கவும் வேடிக்கை பார்க்கவும் ஓடிவந்தவர்களும் அதில் அடக்கம். கிட்டே போகாதே என்று அந்த ஊருக்கு யார் முன்கூட்டிச் சொன்னார்கள்?

பட்டாசுத் தொழிலாளிக்கு விவரம் தெரியாது என்று மட்டும் நினைக்காதீர்கள். நைலான் சேலை ஆகாது, இரும்புக் கரண்டி ஆகாது, வெயில் ஏறுவதற்குள் மருந்துக் கலவையை முடித்துவிட வேண்டும், அறைக்குள் குறித்த எண்ணிக்கைக்கு மேல் ஆள் கூடாது... எல்லாம் அத்துப்படி. ஆனால், உருப்படியை எண்ணிக் கூலி தருகிறபோது, தீபாவளி ஆர்டர் குவிந்து கிடக்கிறபோது, "இங்கே ஆள் அதிகம், நான் உட்கார மாட்டேன்" என்று ஒரு பெண் சொன்னால் மறுநாள் அவளுக்கு வேலை இருக்குமா? அதைச் சொல்ல அவளுக்குப் பழக்கிவிட வேண்டும். சொன்னால் கோபப்படாமலிருக்க ஃபோர்மேனைப் பழக்க வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம். அதனால்தான் எந்த ஸ்லைடிலும் அது வருவதில்லை.

முதலாளிமார்களே, பயிற்சியைச் சம்பள நேரத்தில் நடத்துங்கள். அவன் மொழியில், அவன் மிஷினுக்கு முன்னால் நிறுத்தி நடத்துங்கள். போன மாதம் 'அப்பாடா, தப்பிச்சோம்' என்று பெருமூச்சு விட்ட கதையை அவன் வாயாலேயே சொல்ல விடுங்கள், திட்டாமல். மேனேஜரும் கீழே உட்கார்ந்து கேட்கட்டும்.

'நமக்கென்ன, ஏ.சி. ரூம்தானே' என்கிறீர்களா? நாளைக்கு ஆபீஸ் போனதும் அவசர வழிக் கதவைத் தள்ளிப் பாருங்கள். பூட்டியிருந்தால், சாவி எங்கே என்று கேளுங்கள். எங்கள் ஆபீஸில் நான் கேட்டேன். வாட்ச்மேனிடம் இருக்கிறதாம். அவர் அன்றைக்கு லீவு.