எண்ணூர்க் கடலில் கப்பலைக் காணோம்!

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழகுகிறவர்கள் எல்லோரும் முதல் வாரத்திலேயே செய்கிற காரியம் ஒன்று உண்டு. லண்டன், நியூயார்க் எல்லாம் அலுத்துப் போனதும் சொந்த ஊருக்கு மேலே ஒரு ரவுண்டு அடிப்பது. மணலி புதுநகர்க்காரர் என்றால் மீனம்பாக்கத்தில் செஸ்னா 172-ஐக் கிளப்பி வடகிழக்கே திருப்ப வேண்டும். சுமார் 8 நிமிடத்தில் ஊர் வந்துவிடும். கிழக்கே இன்னும் 2 நிமிடம் போனால் எண்ணூர்க் கடல். அங்கேதான் சப்பென்று ஆகிவிடும். நீலத் தகடு விரித்தது மாதிரி வெறும் தண்ணீர். ஒரு கப்பல் இல்லை, ஒரு படகு இல்லை.

"விமானம் ஓட்டுகிற சாஃப்ட்வேரில் கப்பல் எதுக்குய்யா?" என்று கேட்பவர்கள் உண்டு. முதலில் ஏற்றவும் இறக்கவும் கற்றுக்கொள், அலங்காரமெல்லாம் அப்புறம் என்பதுதான் புதியவர்களுக்குக் கிடைக்கும் வழக்கமான அறிவுரை. கப்பல் வெறும் அலங்காரம் என்று நினைப்பதால் வருகிற அறிவுரை இது. அது தவறு.

தரையில் வீடு, மரம், சாலை எல்லாம் இருக்கின்றன. அவற்றின் அளவைப் பார்த்தே எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று கண் கணக்குப் போட்டுவிடும். வெறும் தண்ணீருக்கு மேலே அந்தக் கணக்கு நடக்காது. அலை இல்லாத தண்ணீர் உயரத்தைத் தப்பாகக் காட்டும் என்று நிஜ விமானிகளுக்கே பயிற்சியில் எச்சரிக்கிறார்கள். புதியவர் கருவியைப் பார்க்க மறந்து நேராகக் கடலில் போய் விழுவது இதனால்தான். கீழே சுமார் 225 மீட்டர் நீளத்தில் ஒரு பனாமாக்ஸ் நிலக்கரிக் கப்பல் நின்றால் அதுதான் அளவுகோல். அது தீப்பெட்டி மாதிரித் தெரிந்தால் நல்ல உயரம். மேல்தளத்தின் மூடிகளை எண்ண முடிந்தால் உடனே மூக்கைத் தூக்க வேண்டும்!

இதற்குப் பெரிய செலவும் இல்லை. மைக்ரோசாஃப்டின் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் 2006-இல் வந்தபோதே கப்பல், படகுப் போக்குவரத்தைக் கூட்டிக் குறைக்க அதில் வசதி இருந்தது. இலவசமாகக் கிடைக்கும் ஃப்ளைட்கியரில் நோட்பேடு போதும். எந்த மாதிரிக் கப்பல், எந்த அட்சரேகை தீர்க்கரேகையில் கிளம்புகிறது, எத்தனை நாட் வேகம், எந்தெந்தப் புள்ளி வழியாகப் போகிறது என்று ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதிக் கொடுத்தால் மீதியைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் அந்தக் கப்பலுக்குக் கடல் எது, கரை எது என்று தெரியாது. புள்ளியைத் தப்பாகக் கொடுத்தால் எண்ணூரில் கரையேறி மணலி வழியாகத் திருவள்ளூருக்கே போய்விடும் :-) இரண்டு கப்பலுக்கு ஒரே பாதையைக் கொடுத்தால் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போகும். நிஜத்தில் அப்படிப் போக முடியாது. 2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எண்ணெய் எர்ணாவூர், திருவொற்றியூர் கரைகளில் ஒதுங்கியது. ஜனங்கள் வாளியால் அள்ளினார்கள். இந்தக் கடலில் இவ்வளவு போக்குவரத்து இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் பல பேருக்குத் தெரிந்தது.

உள்ளே வருகிற கப்பலுக்கு ஒரு பாதை, வெளியே போகிறதற்கு ஒரு பாதை, காத்திருப்பவைக்கு நங்கூரம் போட ஓர் இடம் என்று பிரித்து எழுத உட்கார்ந்தால்தான் துறைமுகம் எப்படி இயங்குகிறது என்பது புரியும். எந்தக் கப்பல் எதைக் கொண்டுவருகிறது என்றும் தேட வேண்டி வரும். 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டதே முக்கியமாக வடசென்னை அனல்மின் நிலையத்தின் நிலக்கரிக்காகத்தான். ஒருகாலத்தில் பூம்புகார் கப்பல் கழகத்தின் 'தமிழ் அண்ணா', 'தமிழ் பெரியார்', 'தமிழ் காமராஜ்' கப்பல்கள் தமிழ்நாட்டு மின் நிலையங்களுக்கு நிலக்கரி சுமந்தன. பாரதீப்பிலிருந்து எண்ணூருக்குச் சுமார் 550 கடல் மைல். 12 நாட் வேகத்தில் ஏறக்குறைய 2 நாள் பயணம். வீட்டில் ஃபேன் சுற்றுவதற்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருப்பதைப் பாடப்புத்தகத்தைவிட இந்தக் கோப்பு நன்றாகச் சொல்லிக்கொடுக்கும்.

கப்பல் கூடினால் கம்ப்யூட்டர் திணறுமே என்பது நியாயமான கேள்வி. ஃபிரேம் ரேட் விழுந்தால் தரையிறக்கமும் கெட்டுப்போகும். அதற்காக ஒன்றுமே வேண்டாம் என்பதா? இரண்டு நிலக்கரிக் கப்பல், ஒரு கன்டெய்னர் கப்பல், ஒரு டேங்கர், நங்கூரத்தில் இரண்டு. ஆரம்பத்துக்கு இது தாராளம். எடுத்த எடுப்பில் விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கப் பார்ப்பதுதான் வேண்டாத வேலை.

கடைசியாக, விட்டுவிடக் கூடாத விஷயம் ஒன்று. நிஜக் கப்பல்களின் நடமாட்டத்தை இணையத்தில் காட்டும் தளங்கள் ஏஐஎஸ் என்ற தானியங்கிக் கருவியின் சிக்னலை நம்பியவை. சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களில் அது கட்டாயம். காசிமேட்டு ஃபைபர் படகுக்கும் கட்டுமரத்துக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. அந்தத் தளங்களை மட்டும் பார்த்துக் கடலை நிரப்பினால் கம்பெனிக் கப்பல்கள் எல்லாம் வந்துவிடும், அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்களின் படகு மட்டும் வராது. எண்ணெய் கசிந்தால் முதலில் பிழைப்புப் போகிறது அவர்களுக்குத்தான். திரையிலும் அவர்களைக் காணோம் என்றால் அது என்ன கணக்கு?

ஆகவே பட்டியலில் நாலு மீன்பிடிப் படகையும் சேர்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகளை அப்போது எடுத்துவிடலாம். ஃபைபர் படகுகளுக்குத் தடை இல்லை, அவை இருக்கட்டும். படகு ஒன்றுக்கு நாலைந்து வரி தட்டினால் போதும், ஒரு சாயங்கால வேலைதான்.