எட்டுச் செடியும் எட்டு விழுக்காடும்



கஞ்சாவுக்கென்று ஒரு கட்சி! கேட்டதும் உன் இதழோரம் நகை அரும்பும். போதை தலைக்கேறிய சிலர் பொழுதுபோக்குக்காகத் தொடங்கிய கூத்து என்று ஒதுக்கிவிடவும் தோன்றும். ஒதுக்கிவிடாதே! அமெரிக்க நாட்டின் வடபுலத்திலே, ஏரிகள் நிறைந்த மின்னசோட்டா மாநிலத்திலே, அத்தகைய சிறு கட்சி ஒன்று, மாநிலச் சட்டமன்றத்தில் ஓர் இடத்தைக்கூடப் பெறாமலே தன் கோரிக்கை சட்டமாகக் கண்டது. கண்ட மறு ஆண்டே தன் தகுதியை இழந்து தெருவில் நின்றது. கஞ்சா நல்லதா, கெட்டதா என்று வழக்குரைக்க நான் வரவில்லை. எனக்கு அந்தப் புகையும் பிடிக்காது, அதன் புகழ் பாடுவோரையும் பிடிக்காது. ஆனால், நாம் கட்சி நடத்துகிறவர்களாயிற்றே! அந்தக் கட்சிக்கு என்ன நேர்ந்தது என்பதை நாம் அறிய வேண்டாமா?

அமெரிக்கா முழுவதற்கும் மதுவிலக்கை நடைமுறைப்படுத்த 1919ஆம் ஆண்டு வந்த சட்டத்துக்கு வால்ஸ்டெட் சட்டம் என்று பெயர். அந்த வால்ஸ்டெட், இதே மின்னசோட்டா அனுப்பிவைத்த பிரதிநிதி! அதே மண்ணில்தான் 1986இல் கிராஸ்ரூட்ஸ் கட்சி முளைத்தது. பின்னர் 1998இல் 'லீகல் மரிஜுவானா நவ்' — இன்றே கஞ்சாவைச் சட்டப்படி ஆக்கு — என்று கோரிக்கையையே பெயராகச் சூட்டிக்கொண்ட கட்சியும் தோன்றியது.

வெறும் போதைக்காகவா இந்தக் கூப்பாடு? அமெரிக்கக் குடியுரிமைகள் சங்கம் 2013இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. கஞ்சா வைத்திருந்த குற்றத்துக்காகக் கைதாகும் வாய்ப்பு, மின்னசோட்டாவில் வெள்ளையரைவிடக் கருப்பருக்கு 7.8 மடங்கு அதிகம் என்றது அது. புகைப்பதில் இரு இனத்தாருக்கும் பெரிய வேறுபாடில்லை. விலங்கு பூட்டுவதில்தான் அத்தனை வேறுபாடு! சட்டத்துக்கு நிறபேதம் இல்லை என்று ஏட்டில் எழுதிவைத்து, காவலரின் கையிலே நிறபேதத்தைக் கொடுத்தனுப்புகிற நாட்டில், அந்தச் சட்டத்தையே நீக்கு என்று கேட்பவனைக் கோமாளி என்று சொல்ல எனக்கு மனமில்லை.

இருபது ஆண்டுகள் ஏளனம் சுமந்தார்கள். 2018இல் வாய்ப்பு வந்தது. மாநிலம் முழுமைக்குமான ஒரு பதவிக்கு 5 விழுக்காடு வாக்குப் பெறும் கட்சிக்கு, 'பெரிய கட்சி' என்ற தகுதி அங்கே அப்போது இருந்தது. தணிக்கையாளர் பதவிக்கு நின்ற அவர்களுடைய வேட்பாளர் அந்தக் கோட்டைத் தாண்டினார். வேடிக்கை என்னவென்றால், அதே தேர்தலில், அதே கோரிக்கையோடு, கிராஸ்ரூட்ஸ் பெயர் தாங்கிய இன்னொரு கட்சியும் தாண்டியது! ஒரே செடிக்கு இரண்டு கொடி! பிளவு என்பது நம் நாட்டுக்கே உரிய நோய் என்று எண்ணி வருந்துவோர் சற்று ஆறுதல் கொள்ளலாம்.

தகுதி வந்ததும் தொல்லையும் வந்தது. பெரிய கட்சியின் வேட்பாளராக நிற்பது எளிது, கையொப்பம் திரட்ட வேண்டியதில்லை, விண்ணப்பித்தால் போதும். கட்சிக்கோ, வருகிறவன் யார், எங்கிருந்து வருகிறான் என்று ஆராயக் கிளையும் இல்லை, காவலும் இல்லை. 2020ஆம் ஆண்டுத் தேர்தலில், ஜனநாயகக் கட்சியின் வாக்கைப் பிளப்பதற்காகக் குடியரசுக் கட்சியினரே கஞ்சாக் கட்சிகளின் பெயரில் நிற்க ஆள் பிடித்தனர் என்று ஏடுகள் எழுதின. இரண்டாவது காங்கிரஸ் தொகுதியில் நின்ற அவர்களுடைய வேட்பாளர் செப்டம்பரிலேயே இறந்துபோனார். வாக்குச் சீட்டில் பெயர் நின்றது. நவம்பரில், இறந்தவருக்கு ஏறத்தாழ 6 விழுக்காடு வாக்கு விழுந்தது! அந்த வாக்காளர்கள் ஆளைத் தேடவில்லை, தோழா, கோரிக்கையைத் தேடினார்கள். கோரிக்கைக்கு அத்தனை வலிவு இருந்தது. அதைத் தாங்க வேண்டிய கட்சிக்குத்தான் எலும்பும் இல்லை, நரம்பும் இல்லை.

இதை நன்கு புரிந்துகொண்டவர்கள், அங்கே ஜனநாயகக் கட்சியாக விளங்கும் ஜனநாயக உழவர் தொழிலாளர் கட்சியினர். 2022இல் மேலவையில் 34க்கு 33 என்ற ஓர் இடப் பெரும்பான்மை கிடைத்தது. காலம் கடத்தவில்லை. 2023 மே 30 அன்று ஆளுநர் டிம் வால்ஸ் கையொப்பமிட்டார். ஆகஸ்டு முதல், 21 வயது நிரம்பியவர் கஞ்சா வைத்திருக்கலாம். வீட்டிலே 8 செடி வளர்க்கலாம். பழைய சிறு வழக்குகளின் பதிவுகளை அழிக்கவும் வழி செய்தார்கள். நல்ல வேலை, மறுக்கவில்லை.

ஆனால் அதே 2023இல் இன்னொரு வேலையும் நடந்தது. 'பெரிய கட்சி' ஆவதற்கான அளவை 5 விழுக்காட்டிலிருந்து 8ஆக உயர்த்தினார்கள்! கோரிக்கையை எடுத்துக்கொண்டு, கோரியவன் ஏறிவந்த ஏணியை உருவினார்கள். இதைச் செய்தவர்கள் யார்? 1944இல், உழவர் தொழிலாளர் கட்சி என்ற மூன்றாங்கட்சி ஒன்று இணைந்ததால் உருவானவர்கள். அந்த மூன்றாங்கட்சி, 1930ஆம் ஆண்டுத் தேர்தலில் ஃபிளாய்ட் ஆல்சனை ஆளுநராக்கிய கட்சி! பெயரிலே அந்தச் சிறு கட்சியின் நினைவைச் சுமந்துகொண்டே, இன்னொரு சிறு கட்சியின் முகத்திலே கதவை அடைப்பதை எப்படி நியாயம் என்பது? குடியரசுக் கட்சியின் சூழ்ச்சிக்கு அஞ்சினோம் என்பார்கள். சூழ்ச்சி செய்தவனை அம்பலப்படுத்தியிருக்கலாம், ஏமாந்தவனைத் தண்டிப்பானேன்?

அத்தோடும் விடவில்லை. அவர்களுடைய மாநிலத் தலைவர் நீதிமன்றத்துக்கே போனார். மாநாடு, செயற்குழு என்று பெரிய கட்சிக்குச் சட்டம் விதித்துள்ள அமைப்பு முறைகளை இவர்கள் நிறைவேற்றவில்லை என்பது வழக்கு. 2024 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் ஆம் என்று தீர்ப்பளித்தது. தகுதி போயிற்று. வழக்கின் நோக்கம் எனக்குக் கசக்கிறது. ஆனால் குற்றச்சாட்டு பொய்யென்று சொல்ல என்னால் இயலவில்லை. கால் நூற்றாண்டு கட்சி நடத்தியவர்கள், ஊருக்கு ஊர் தோழர்களைக் கூட்டி உட்கார வைத்திருக்க வேண்டாமா?

இனி, சிறு கட்சிகளுக்குரிய வழிதான் அவர்களுக்கு. மாநிலம் முழுமைக்குமான பதவிக்கு ஒருவரை நிறுத்த 2,000 கையொப்பம் திரட்ட வேண்டும் — வீடு வீடாக, எட்டுச் செடி வளர்கின்ற வீடுகளின் கதவையும் தட்டி!